விதையா, மண்ணா, வளர்த்த கையா? ‘ஆல்பியனின் விதை’ நூல் பற்றிய திறனாய்வு

வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த தொடக்ககாலக் குடியேற்றங்களில் அன்றாட வாழ்க்கை இடத்துக்கு இடம் பெரிதும் வேறுபட்டது. அது ஏன் என்ற கேள்விக்கு விடை தேடும் நூல்களில் மிகவும் பேசப்பட்டது ‘ஆல்பியனின் விதை’. அமெரிக்க வரலாற்றாசிரியர் டேவிட் ஹாக்கெட் ஃபிஷர் எழுதிய இந்நூல் 1989இல் வெளிவந்தது. ஆல்பியன் என்பது பிரிட்டன் தீவின் பழம்பெயர். நூலின் வாதத்தை நம் பழமொழி ஒன்றில் அடக்கிவிடலாம்: விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?

நம் பள்ளிப் பாடங்களில் அமெரிக்கப் புரட்சிக்கு முன்னுரையாக 13 குடியேற்றங்கள் ஓரிரு பத்திகளில் முடிந்துவிடும். அங்கு போன ஆங்கிலேயர் எல்லோரும் ஒரே மாதிரி வாழ்ந்தார்கள் என்ற எண்ணமே மாணவர் மனத்தில் தங்குகிறது. அந்த எண்ணத்தை உடைப்பதற்கு இதைவிடச் சிறந்த நூல் இல்லை. ஆனால் ஒரு தவறான எண்ணத்தை நீக்கும் நூலே இன்னொரு தவறான எண்ணத்தை விதைக்கவும் கூடும். மக்களின் பழக்கவழக்கம் அவர்கள் பிறந்த ஊரோடு ஒட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் என்ற எண்ணம் அது. நூலின் வாதம் எங்கே உறுதியாக நிற்கிறது, எங்கே சரிகிறது என்று இக்கட்டுரை ஆராய்கிறது.

நூல் சொல்லும் நான்கு வழிகள்

900 பக்கங்களைத் தாண்டும் இந்நூல், பிரிட்டனின் நான்கு பகுதிகளிலிருந்து நான்கு அலைகளாக மக்கள் அமெரிக்காவுக்குச் சென்றதாகக் கூறுகிறது.

முதல் அலை 1629 முதல் 1640 வரை. பெரும்பாலும் கிழக்கு ஆங்கிலியாவைச் சேர்ந்த பியூரிட்டன் சமயப் பிரிவினர் ஏறத்தாழ 21,000 பேர் மாசசூசெட்ஸுக்குச் சென்றனர். மாசசூசெட்ஸ் உள்ளிட்ட பகுதியை நியூ இங்கிலாந்து என்பார்கள்.

இரண்டாம் அலை 1642 முதல் 1675 வரை. தென் இங்கிலாந்தின் உயர்குடிக் குடும்பங்களின் இளைய மகன்களும், அவர்களைவிடப் பல மடங்கு அதிகமான ஒப்பந்த வேலையாட்களும் வர்ஜீனியாவுக்குச் சென்றனர். வர்ஜீனியாவும் மேரிலாந்தும் சேர்ந்த பகுதியை, அங்குள்ள விரிகுடாவின் பெயரால் செசபீக் என்பார்கள்.

மூன்றாம் அலை 1675 முதல் 1725 வரை. வடமத்திய இங்கிலாந்தையும் வேல்ஸையும் சேர்ந்த குவேக்கர் சமயத்தார் டெலவேர் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குச் சென்றனர். வில்லியம் பென் 1681இல் அரச பட்டயம் பெற்று நிறுவிய பென்சில்வேனியா இங்குதான் உள்ளது.

நான்காம் அலை 1718 முதல் 1775 வரை. இங்கிலாந்து-ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தினரும் வட அயர்லாந்தினரும் மலையடிவார உள்நாட்டுப் பகுதிகளில் குடியேறினர்.

ஒவ்வொரு அலையும் தன் ஊரின் பேச்சு, வீடு, சமையல், திருமணம், பிள்ளை வளர்ப்பு, பெயர் சூட்டல், உடை, நேரக் கணக்கு, அதிகாரம், சுதந்திரம் என இருபதுக்கும் மேற்பட்ட வழக்கங்களைக் கொண்டுவந்தது. அவையே அமெரிக்காவின் வட்டாரப் பண்பாடுகளாக இன்றுவரை தொடர்கின்றன என்பது ஃபிஷரின் முடிவு.

நூலின் பலம்: அன்றாட வாழ்க்கையின் விவரங்கள்

அரசியல் வரலாற்று நூல்கள் ஆளுநர்களையும் சட்டமன்றங்களையும் பேசும். இந்நூல் அடுப்பையும் தொட்டிலையும் பேசுகிறது.

திருமணத்தை எடுத்துக்கொள்வோம். மாசசூசெட்ஸ் பியூரிட்டன்களுக்குத் திருமணம் ஓர் ஒப்பந்தம். 17ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அதை நடத்திவைத்தவர் சமயகுரு இல்லை, நீதி அதிகாரி. ஒப்பந்தம் என்பதால் முறிக்கவும் வழி இருந்தது. தகுந்த காரணம் காட்டினால் விவாகரத்து கிடைத்தது. வர்ஜீனியாவில் ஆங்கிலிக்கன் திருச்சபை முறைப்படி திருமணம் புனித பந்தம். முழு விவாகரத்துக்கு இடமில்லை. குவேக்கர்களிடம் குருவே கிடையாது. மணமக்கள் தங்கள் விருப்பத்தைச் சமயக் கூட்டத்தில் தெரிவிக்க வேண்டும். கூட்டம் விசாரித்து ஒப்புதல் தர வேண்டும். அந்த விசாரணையில் பெண்களுக்கென்று தனியாக இருந்த கூட்டத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. கூட்டத்துக்கு வெளியே மணம் முடித்தவர்கள் விலக்கி வைக்கப்பட்டனர்.

நாள்காட்டியும் ஊருக்கு ஊர் வேறு. மாசசூசெட்ஸில் கிறிஸ்துமஸ் கொண்டாடக் கூடாது. விவிலியத்தில் அதற்கு ஆதாரம் இல்லை என்பது அவர்கள் வாதம். 1659இல் இயற்றப்பட்ட சட்டப்படி, அன்று வேலையை விட்டுவிட்டு விருந்து உண்பவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம். 1681இல்தான் சட்டம் நீக்கப்பட்டது. வர்ஜீனியாவிலோ கிறிஸ்துமஸ் விருந்துக்கும் விருந்தாளிகளுக்கும் உரிய காலம். குவேக்கர்கள் மாதங்களின் பெயர்களையும் கிழமைகளின் பெயர்களையும் பழைய தெய்வங்களின் பெயர்கள் என்று ஒதுக்கிவிட்டு முதல் மாதம், இரண்டாம் நாள் என்று எண்ணால் குறித்தனர்.

பேச்சில் குவேக்கர்கள் செய்த மாற்றம் தமிழ் வாசகருக்கு எளிதில் விளங்கும். அக்கால ஆங்கிலத்தில் ‘நீ’, ‘நீங்கள்’ என்ற வேறுபாடு இருந்தது. பெரியவரையும் அதிகாரியையும் ‘நீ’ என்று அழைப்பது அவமதிப்பு. குவேக்கர்கள் எல்லோரையும் ‘நீ’ என்றே அழைத்தனர். நீதிபதி முன்னும் தொப்பியைக் கழற்றவில்லை. கடவுளுக்கு முன் எல்லோரும் சமம் என்ற கொள்கை ஒரு சொல்லில் வெளிப்பட்டது. அதற்காக இங்கிலாந்தில் சிறை சென்றவர்கள் பலர்.

கல்வியிலும் இடைவெளி பெரியது. மாசசூசெட்ஸின் 1647ஆம் ஆண்டுச் சட்டம், 50 வீடுகள் உள்ள ஊர் எழுதப் படிக்கக் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும், 100 வீடுகள் உள்ள ஊர் இலத்தீன் கற்பிக்கும் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அதற்கு முன்பே, 1636இல், ஹார்வர்டு கல்லூரி நிறுவப்பட்டுவிட்டது. வர்ஜீனியாவின் ஆளுநர் வில்லியம் பெர்க்லியோ, தம் மாகாணத்தில் இலவசப் பள்ளிகளும் அச்சகமும் இல்லாததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லி 1671இல் லண்டனுக்கு எழுதினார். படிப்பு கீழ்ப்படியாமையைக் கொண்டுவரும் என்பது அவர் அச்சம்.

இத்தகைய விவரங்களைத் திரட்டி, வட்டாரங்களை அருகருகே வைத்துக் காட்டியதே ஃபிஷரின் பெரும்பணி. வேறுபாடுகள் இருந்தன என்பதை இனி யாரும் மறுக்க முடியாது. அவை எங்கிருந்து வந்தன என்பதில்தான் சிக்கல்.

முதல் கேள்வி: ஒரே விதையை வேறு மண்ணில் போட்டபோது என்ன நடந்தது?

ஒரு வாதத்தைச் சோதிக்க நல்ல வழி, ஒரே விதையை இரண்டு நிலங்களில் போட்டுப் பார்ப்பது. வரலாறு அப்படி ஒரு சோதனையைச் செய்துவைத்திருக்கிறது.

1630இல், மாசசூசெட்ஸ் குடியேற்றம் தொடங்கிய அதே ஆண்டில், இங்கிலாந்தின் முன்னணிப் பியூரிட்டன்கள் சிலர் கரீபியக் கடலில் இன்னொரு குடியேற்றத்தைத் தொடங்கினர். நிகராகுவா கரைக்கு அப்பால் உள்ள அந்தத் தீவுக்குப் பிராவிடன்ஸ் என்று பெயர். இன்று அது கொலம்பியாவுக்குச் சொந்தம். வார்விக் பிரபு, சே அண்டு சீல் பிரபு, பிற்பாடு நாடாளுமன்றத்தில் அரசரை எதிர்த்து நின்ற ஜான் பிம் ஆகியோர் இதன் பின்னால் இருந்தனர். அவர்களுடைய பக்தியில் யாரும் குறை காண முடியாது. தங்களுடைய தீவுதான் மாசசூசெட்ஸைவிடச் சிறப்பாக வளரும் என்றும் நம்பினர்.

விளைந்தது என்ன? குடியேறியவர்கள் புகையிலையும் பருத்தியும் பயிரிட்டனர். வேலைக்கு ஆப்பிரிக்க அடிமைகளை வாங்கினர். ஸ்பானியக் கப்பல்களைக் கொள்ளையடித்தனர். சில ஆண்டுகளிலேயே அடிமைகளின் எண்ணிக்கை ஆங்கிலேயர் எண்ணிக்கையை எட்டிப்பிடித்தது. 1638இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். ஆங்கிலேயக் குடியேற்றங்களில் அறியப்பட்ட முதல் அடிமைக் கிளர்ச்சி அதுவே. 1641இல் ஸ்பானியர் தீவைக் கைப்பற்றியதோடு கதை முடிந்தது.

கேரன் ஆர்டால் குப்பர்மன் 1993இல் எழுதிய நூல் இந்தத் தீவின் வரலாற்றை விரிவாகச் சொல்கிறது. அவர் காட்டும் காரணங்களில் முக்கியமானது நிலவுரிமை. மாசசூசெட்ஸில் ஊர்ச்சபைகள் குடும்பங்களுக்கு நிலத்தைச் சொந்தமாகப் பிரித்துக் கொடுத்தன. பிராவிடன்ஸில் நிலம் லண்டனில் இருந்த கம்பெனியின் கையில். உழைத்தவர் விளைச்சலில் பாதியைக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும். தன்னுடையது என்று சொல்ல முடியாத நிலத்தில் யாரும் பள்ளியும் பழத்தோட்டமும் அமைக்க மாட்டார்கள்.

இரண்டு குடியேற்றங்களும் ஒன்றையொன்று அறியாதவையும் இல்லை. 1637இல் நியூ இங்கிலாந்தின் பூர்வகுடிகளான பீக்வாட் மக்கள் மீது நடந்த போரில் பிடிபட்ட சிலர் ‘டிசையர்’ என்ற கப்பலில் ஏற்றப்பட்டுப் பிராவிடன்ஸ் தீவில் விடப்பட்டனர். அந்தக் கப்பல் 1638இல் பருத்தி, புகையிலை, உப்பு ஆகியவற்றோடு ஆப்பிரிக்கர்களையும் ஏற்றிக்கொண்டு பாஸ்டன் திரும்பியது. 1641இல் மாசசூசெட்ஸ் இயற்றிய உரிமைச் சாசனமே நியாயமான போரில் பிடிபட்டவர்களையும் விற்கப்பட்டவர்களையும் அடிமையாக வைத்திருக்க இடம் தந்தது.

அடிமைமுறை வர்ஜீனியாவின் பண்பாட்டை உருவாக்கவில்லை, அந்தப் பண்பாடே அடிமைமுறையை உருவாக்கியது என்கிறார் ஃபிஷர். தென் இங்கிலாந்து உயர்குடியினரின் ஏற்றத்தாழ்வு மனப்பான்மைதான் வேர் என்பது அவர் கருத்து. அப்படியானால் பிராவிடன்ஸ் தீவுப் பியூரிட்டன்களிடம் அது எப்படி முளைத்தது? சமத்துவம் பேசிய குவேக்கர்களிடமும் அடிமைகள் இருந்தனர். வில்லியம் பென்னிடமே இருந்தனர். 1688இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் சிலர் அடிமைமுறையை எதிர்த்து மனு எழுதினர். பிலடெல்பியாவின் குவேக்கர் ஆண்டுக் கூட்டம் அடிமை வைத்திருப்பதைத் தடை செய்தது 1776இல். இடையில் 88 ஆண்டுகள் ஓடின.

இரண்டாம் கேள்வி: கற்றுக்கொடுக்க யார் உயிரோடு இருந்தார்கள்?

வழக்கம் இரத்தத்தில் ஓடுவதில்லை. ஒருவர் செய்வதை இன்னொருவர் பார்த்துக் கற்கிறார். அதற்குக் கற்றுக்கொடுப்பவர் உயிரோடு இருக்க வேண்டும். இந்த எளிய உண்மையை ஃபிஷரின் நூல் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் முதன்மையான குறை.

நியூ இங்கிலாந்துக்குப் போனவர்கள் குடும்பமாகப் போனார்கள். கணவன், மனைவி, பிள்ளைகள், சில சமயம் ஊர்க்காரர்கள், சபையின் போதகர் எல்லோரும் ஒரே கப்பலில் சென்றதுண்டு. குளிர்ந்த காலநிலையும் நல்ல தண்ணீரும் தொற்றுநோயைக் கட்டுக்குள் வைத்தன. ஃபிலிப் கிரெவன் 1970இல் வெளியிட்ட ஆய்வின்படி, மாசசூசெட்ஸின் ஆண்டோவர் ஊரில் முதல் தலைமுறை ஆண்கள் சராசரியாக 70 வயதைத் தாண்டி வாழ்ந்தனர். அதனால் தாத்தா பாட்டியின் மடியில் வளரும் பேறு பிள்ளைகளுக்குக் கிடைத்தது. இதன் மறுபக்கமும் உண்டு. அப்பா நீண்ட நாள் வாழ்ந்ததால் நிலமும் அவர் கையிலேயே நீண்ட நாள் இருந்தது. மகன்கள் தாமதமாக மணம் முடித்து அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் காத்திருந்தனர்.

செசபீக்கில் நிலைமை தலைகீழ். 1607இல் ஜேம்ஸ்டவுனில் தொடங்கி 1624க்குள் ஆயிரக்கணக்கானோர் வந்திறங்கினர். 1625இல் கணக்கெடுத்தபோது ஏறத்தாழ 1,200 பேரே எஞ்சியிருந்தனர். ஆற்றின் உப்புக் கலந்த தண்ணீர், சீதபேதி, டைஃபாய்டு, மலேரியா, பட்டினி, பூர்வகுடிகளுடன் நடந்த போர் எல்லாம் சேர்ந்து கொன்றன. பிறகு நிலைமை சற்றுச் சீரடைந்தபோதும், அங்கு வந்துசேர்ந்த வாலிபர் நாற்பதுகளின் நடுவில் இறப்பது வழக்கமாக இருந்தது. வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கப்பல் கட்டணத்துக்கு ஈடாக நான்கு முதல் ஏழு ஆண்டுகள் உழைக்க எழுதிக்கொடுத்த ஒப்பந்த வேலையாட்கள். ஒப்பந்தக் காலத்தில் அவர்கள் மணம் முடிக்க முடியாது. ஆண்கள் பெண்களைவிடப் பல மடங்கு அதிகம்.

இதன் விளைவை எண்ணிக்கையே சொல்லும். நியூ இங்கிலாந்துக்குச் சென்ற இருபதாயிரத்துச் சொச்சம் பேர் 1700க்குள் ஏறத்தாழ 90,000 பேராகப் பெருகினர். செசபீக்குக்கு அந்த நூற்றாண்டில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஆங்கிலேயர் சென்றனர். 1700இல் அங்கிருந்த வெள்ளையர் தொகை சென்றவர்களின் தொகையைவிடக் குறைவு.

வர்ஜீனியாவின் மிடில்செக்ஸ் மாவட்டத்தை டேரட் ரட்மன், அனிட்டா ரட்மன் இணையர் ஆராய்ந்து 1984இல் நூலாக வெளியிட்டனர். அங்கு பெரும்பாலான பிள்ளைகள் பெரியவர்களாவதற்குள் பெற்றோரில் ஒருவரையாவது இழந்தனர். கணவனை இழந்தவள் மறுமணம் செய்வாள். அவளும் இறந்தால் இரண்டாம் கணவன் இன்னொருத்தியை மணப்பான். இப்படி ஒரே கூரையின் கீழ் தனக்கு இரத்த உறவே இல்லாத பெரியவர்களிடம் பிள்ளைகள் வளர்ந்தனர். அநாதைப் பிள்ளைகளின் சொத்தைக் காப்பாளர்கள் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள நீதிமன்றங்கள் தனி அமர்வு வைத்தன. இந்தப் பிள்ளைக்குத் தென் இங்கிலாந்தின் வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தது யார்?

வீடுகளும் இதையே காட்டுகின்றன. நியூ இங்கிலாந்தின் 17ஆம் நூற்றாண்டு மர வீடுகள் கல் அடித்தளத்தின் மேல் எழுந்தவை. சில இன்றும் நிற்கின்றன. செசபீக்கில் பெரும்பாலானோர் மரத்தூண்களை நேரடியாக மண்ணில் நட்டுக் கட்டினர். அவை சில பத்தாண்டுகளில் மக்கிப்போகும். அவர்களும் இங்கிலாந்தில் உறுதியான வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்களே. ஆனால் எவ்வளவு காலம் வாழ்வோம் என்று தெரியாதவர், கையில் உள்ள பணத்தை அடுத்த ஆண்டுப் புகையிலைக்கு ஆள் பிடிக்கச் செலவிடுவார். சுவருக்குச் செலவிட மாட்டார்.

புகையிலை ஊரமைப்பையும் தீர்மானித்தது. நாற்றங்கால், நடவு, புழு பொறுக்குதல், கொழுந்து கிள்ளுதல், அறுவடை, உலர்த்தல், பீப்பாயில் அடைத்தல் என்று ஆண்டு முழுவதும் வேலை. சில ஆண்டுகளில் மண் சாரமிழந்துவிடும். புது நிலம் வேண்டும். கப்பல்கள் ஆற்றின் வழியே பண்ணையின் துறைக்கே வந்து பீப்பாய்களை ஏற்றிச் சென்றதால் நடுவில் ஒரு சந்தை நகரம் தேவைப்படவில்லை. வீடுகள் ஆற்றோரம் சிதறிக் கிடந்தன. ஐம்பது வீடுகள் ஓரிடத்தில் இல்லாதபோது அங்கு மாசசூசெட்ஸ் மாதிரிப் பள்ளிச் சட்டம் போட்டாலும் பயன் இருந்திருக்காது. பெர்க்லியின் வெறுப்பு ஒரு காரணம் என்றால், நிலத்தின் அமைப்பு அதைவிடப் பெரிய காரணம். நிலத்தையும் பொழுதையும் முதலில் வைத்து, உணவையும் தொழிலையும் அதிலிருந்து விளைந்த கருப்பொருளாக எண்ணிப் பழகிய தமிழ் மாணவருக்கு இது புதிய முறை இல்லை.

ஆகவே நியூ இங்கிலாந்தில் விதை முளைத்ததற்குக் காரணம் விதையின் வீரியம் மட்டுமே என்று கொள்ள முடியாது. விதைத்தவர்கள் பக்கத்தில் இருந்து தண்ணீர் ஊற்றினார்கள்.

மூன்றாம் கேள்வி: விதை யாருடையது?

நூலின் நான்கு வழிகளும் பிரிட்டனிலிருந்து வந்தவை. ஆனால் குடியேறியவர்களின் தட்டில் இருந்தது எது? மாசசூசெட்ஸிலும் வர்ஜீனியாவிலும் அன்றாட உணவு மக்காச்சோளம். கிழக்கு ஆங்கிலியாவிலோ தென் இங்கிலாந்திலோ அதை யாரும் பயிரிடவில்லை. நடுவதையும் இடிப்பதையும் களி கிண்டுவதையும் பூர்வகுடிகளிடம் கற்றனர். நியூ இங்கிலாந்தில் கோதுமைப் பயிரைத் துரு நோய் தாக்கியபோது கம்புபோன்ற ரை தானியத்தையும் மக்காச்சோளத்தையும் கலந்து ரொட்டி சுட்டனர். கிழக்கு ஆங்கிலியர் அடுப்பில் வைத்துச் சுடுபவர்கள், தென் இங்கிலாந்தார் பொரிப்பவர்கள், வடக்கத்தியர் வேகவைப்பவர்கள் என்று ஃபிஷர் சமையல் முறைகளைப் பிரிக்கிறார். சுவையான பிரிப்புதான். பாத்திரத்துக்குள் இருந்த தானியம் யாருடையது என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அது முழுமையாகும்.

உள்நாட்டுப் பகுதியின் அடையாளமாகிய மரக்கட்டை வீட்டையும் பார்க்கலாம். கட்டைகளின் முனையை வெட்டி ஒன்றன்மேல் ஒன்று பூட்டும் நுட்பம் பிரிட்டன் எல்லைப்புறத்தில் வழக்கில் இல்லை. டெலவேரில் ஆங்கிலேயருக்கு முன்பே குடியேறிய ஸ்வீடியர், ஃபின்லாந்தினர், பின்னர் வந்த ஜெர்மானியர் ஆகியோரே அதைக் கொண்டுவந்தவர்கள்.

தென் கரோலினா இந்த நூலின் நான்கு பெட்டிகளில் எதிலும் சரியாக அடங்காது. 1670இல் சார்லஸ்டவுனை அமைத்தவர்களில் பலர் பார்படோஸ் தீவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். அங்கு பழகிய அடிமை முறையையும் கூடவே கொண்டுவந்தனர். நெல் அங்கு முதன்மைப் பயிரானது. 1708 அளவில் அம்மாகாணத்தில் கறுப்பினத்தவர் பெரும்பான்மையினர் ஆகிவிட்டனர். பீட்டர் உட் 1974இல் எழுதிய நூலுக்கு அதையே பெயராக வைத்தார். நெல் சாகுபடியில் மேற்கு ஆப்பிரிக்கரின் அறிவு எவ்வளவு பங்கு வகித்தது என்பதில் அறிஞர்களிடையே விவாதம் உண்டு. ஆனால் நெல்லைக் குதிகாலால் மண்ணில் அழுத்தி விதைத்ததும், மர உரலில் உலக்கையால் குத்தியதும், பின்னிய தட்டுக்கூடையில் புடைத்ததும் ஆப்பிரிக்க முறைகள். அம்மக்களின் வழித்தோன்றல்களான கல்லா-கீச்சி சமூகத்தினர் இன்றும் தனி மொழியும் கூடை பின்னும் கலையும் உடையவர்கள். குடும்பங்கள் பிரித்து விற்கப்பட்ட நிலையிலும் அவர்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ‘விதை’ என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் வேண்டுமானால் இங்கேதான் தேட வேண்டும்.

ஆங்கிலேயர் தங்கள் விதையை எப்போது கைவிட்டார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தின் மரபுச் சட்டப்படி பிள்ளையின் நிலை தந்தையைப் பொறுத்தது. 1662இல் வர்ஜீனியச் சட்டமன்றம் அதை மாற்றி, பிள்ளையின் நிலை தாயைப் பொறுத்தது என்றது. அடிமைப் பெண்ணுக்கு ஆங்கிலேயத் தந்தையால் பிறந்த பிள்ளையும் அடிமையே என்று இதனால் உறுதியாயிற்று. தலைமுறைகளாக வந்த வழக்கத்தை ஒரே சட்டத்தில் கழற்றிப்போட அவர்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. இலாபம் வேண்டியபோது வழக்கம் வழிவிட்டது.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். இந்நூல் ஒரு பெரிய பண்பாட்டு வரலாற்றின் முதல் தொகுதியாகத் திட்டமிடப்பட்டது. ஆப்பிரிக்கர்களைப் பின்னர் எழுதுவது ஃபிஷரின் எண்ணம். 2022இல் ஆப்பிரிக்கர்களின் பங்களிப்பு பற்றித் தனி நூல் எழுதி வெளியிட்டார். ஆனாலும் ‘ஆல்பியனின் விதை’யை மட்டும் படிப்பவர் அமெரிக்கப் பண்பாட்டின் அடித்தளம் பிரிட்டன் மட்டுமே என்ற முடிவோடு எழுவார்.

மற்ற அறிஞர்களின் நிலை

இந்நூல் குறித்து ‘வில்லியம் அண்டு மேரி’ காலாண்டிதழ் 1991இல் விவாத அரங்கு ஒன்றை வெளியிட்டது. செசபீக்கை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்ன், அங்கு சென்றவர்கள் ஒரே வட்டாரத்தவர் இல்லை, லண்டன், பிரிஸ்டல் துறைமுகங்களின் வழியே பல பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள் என்று காட்டியவர்.

ஜாக் கிரீன் 1988இல் எழுதிய நூல் இன்னொரு கோணத்தைத் தருகிறது. நியூ இங்கிலாந்தை இயல்பான மாதிரியாகவும் செசபீக்கை விதிவிலக்காகவும் கருதுவது தவறு. மற்ற ஆங்கிலேயக் குடியேற்றங்களோடு ஒப்பிட்டால் செசபீக்தான் பொது வழி, நியூ இங்கிலாந்தே விதிவிலக்கு என்கிறார். 18ஆம் நூற்றாண்டில் வட்டாரங்கள் ஒன்றையொன்று நெருங்கி வந்தன என்றும் வாதிடுகிறார்.

எட்மண்ட் மார்கன் 1975இல் எழுதிய நூல், வர்ஜீனியாவின் மாற்றத்தை உழைப்பின் வழியே விளக்குகிறது. ஒப்பந்தம் முடிந்தும் நிலம் கிடைக்காத ஏழை வெள்ளையர் 1676இல் நத்தானியேல் பேக்கன் தலைமையில் நடந்த கிளர்ச்சியில் திரண்டனர். அதன் பிறகு பண்ணையார்கள் படிப்படியாக அடிமை உழைப்புக்கு மாறினர். 1705இல் அடிமைச் சட்டங்கள் தொகுக்கப்பட்டன. வெள்ளையரிடையே சுதந்திர உணர்வு வளர்ந்ததும் கறுப்பினத்தவரின் அடிமைத்தளை இறுகியதும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள் என்பது மார்கனின் முடிவு. ஃபிஷரின் நூலோடு இதையும் சேர்த்துப் படிப்பது அவசியம்.

மதிப்பீடு

‘ஆல்பியனின் விதை’ மாணவர்கள் படிக்க வேண்டிய நூல். அன்றாட வாழ்க்கையை வரலாற்றின் மையத்தில் வைப்பது எப்படி என்று அது கற்றுத்தருகிறது. ஒரு வட்டாரத்தின் திருமணத்தையும் நாள்காட்டியையும் பள்ளியையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சமூகத்தின் முகம் தெரியும் என்று காட்டுகிறது. விவரங்களின் களஞ்சியமாக அதற்கு ஈடு குறைவு.

காரணம் சொல்லும் இடத்தில் மட்டும் நின்று நிதானித்துப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வழக்கத்துக்கும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இதே மக்கள் வேறிடத்தில் என்ன செய்தார்கள்? இதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கப் பெரியவர்கள் உயிரோடு இருந்தார்களா? இதில் பூர்வகுடிகளின் பங்கும் அடிமைகளின் பங்கும் என்ன? நியூ இங்கிலாந்தின் பல வழக்கங்களும் குவேக்கர் திருமணமும் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறும். வர்ஜீனியாவின் வழக்கங்கள் பாதி தேறும். அடிமைமுறை பற்றிய விளக்கம் தேறாது.

இது அமெரிக்க வரலாற்றோடு நிற்கும் கேள்வி இல்லை. ‘அந்த ஊர்க்காரர்களே அப்படித்தான்’ என்று ஒரு வரியில் மனிதர்களை அடைத்துவிடும் பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு, வகுப்பறையிலும் உண்டு. பிறப்பிடத்தை வைத்து ஒரு மாணவனின் வருங்காலத்தைச் சொல்லிவிடுபவர்கள் ஆசிரியர்களிலும் இருக்கிறார்கள். 900 பக்க நூல் ஒன்று அதே முறையில் முடிவு சொல்லும்போது அந்தப் பழக்கத்துக்குப் புலமையின் முத்திரை கிடைத்துவிடுகிறது.

மிடில்செக்ஸ் மாவட்டத்து அநாதைச் சிறுவனும் ஆண்டோவர் ஊரில் தாத்தாவோடு வளர்ந்த சிறுவனும் ஒரே நாட்டிலிருந்து போனவர்களின் பிள்ளைகள். ஒருவனுக்குப் பள்ளி இருந்தது, ஊர் இருந்தது, கதை சொல்லப் பாட்டி இருந்தாள். மற்றவனுக்குக் காப்பாளரும் புகையிலை வயலுமே இருந்தன. இருவரும் வேறு வேறு மனிதர்களாக வளர்ந்ததற்கு அவர்களுடைய பாட்டன் பிறந்த மாவட்டத்தை மட்டும் காரணமாகச் சொல்வது அந்தப் பிள்ளைகளுக்கும் நியாயமாகாது, வரலாற்றுக்கும் நியாயமாகாது.